காட்டில் யாருக்குப் பயப்பட வேண்டும்? வேட்டை 'சீசன்' இல்லாத ஜவ்வாது மலையடிவாரத்தில் மறைந்திருக்கும் ஆபத்து

ஆடி வெள்ளி வந்துவிட்டால் ஆரணியில் இருந்து படவேடு போகும் பஸ்ஸில் கூட்டம் நெரியும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, பட்டுச் சேலைக்கு அவசர ஆர்டர் இல்லை. தறியை விட்டு எழுந்த குடும்பங்கள் ரேணுகாம்பாள் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே செண்பகத்தோப்பு அணைப் பக்கம் ஒரு நடை போய் வருவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமையானால் பூசிமலைக்குப்பத்தில் காட்டு ஓரமாகச் சிதிலமடைந்து நிற்கும் ஜாகிர்தார் மாளிகையில் போட்டோ எடுக்க இளைஞர்கள் பைக்கில் கிளம்புகிறார்கள். பௌர்ணமி இரவில் பருவதமலை ஏறுகிறவர்களும் உண்டு. ஊரைத் தொட்டு ஓடும் கமண்டல நாகநதி பிறப்பதே ஜவ்வாது மலையில்தான். நெசவு ஊர் என்று பெயர் வாங்கியிருந்தாலும், ஆரணிக்குக் காடு தூரத்துச் சமாச்சாரம் இல்லை.

இப்படிக் கிளம்பும்போது வீட்டில் பெரியவர்கள் சொல்லும் எச்சரிக்கை பெரும்பாலும் ஒன்றுதான்: "அந்தப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் இருக்காமே, இருட்டறதுக்குள்ள வந்துடுங்க."

இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜூனில் திருப்பத்தூர் நகரில் கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்துப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே ஒரு சிறுத்தை புகுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் அருகே துருகம் கிராமத்தில் 22 வயதுப் பெண் ஒருவர் சிறுத்தை தாக்கி உயிரிழந்தார். பக்கத்து மாவட்டங்களில் நடந்ததை ஆரணிக்காரர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் காட்டு ஓரத்தில் மனிதர்களை அடித்துப்போடும் ஆபத்துகளில் சிலவற்றுக்குக் காலும் நகமும் இல்லை. அவற்றை வைத்தவர்கள் மனிதர்கள்தான். நாட்டுத் துப்பாக்கி, அவுட்டுக்காய், கரண்டு வேலி என்ற அந்த மூன்றைப் பற்றியும் ஊரில் அதிகம் பேச்சு எழுவதில்லை. ஏன் எழுவதில்லை என்று புரிந்துகொள்ள, முதலில் ஒரு கேள்வியைப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் 'வேட்டை சீசன்' உண்டா?

இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எந்த விலங்கை எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை சுடலாம் என்று அரசே அட்டவணை போடுகிறது. நம் நாட்டில் அப்படி எதுவும் கிடையாது.

ஒரு காலத்தில் இருந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியிலும், சுதந்திரத்துக்குப் பிறகு சில பத்தாண்டுகளும் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கி வேட்டையாட முடிந்தது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும்கூட, சில வகை விலங்குகளுக்கு வேட்டை லைசென்ஸ் தரும் பிரிவுகள் அதில் இருந்தன. 1991-ல் செய்த திருத்தம்தான் அந்தப் பிரிவுகளை அடியோடு நீக்கியது. அதற்குப் பிறகு பொழுதுபோக்குக்கும் கறிக்கும் காட்டு விலங்கைக் கொல்ல இந்தியாவில் சட்டப்படி வழி இல்லை.

சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு அர்த்தமும் பெரியது. சுட்டுக் கொல்வது மட்டும் வேட்டை அல்ல. சுருக்கு வைப்பது, கண்ணி போடுவது, விஷம் வைப்பது, விரட்டுவது, இரை வைத்துப் பிடிப்பது, இவற்றை முயல்வது எல்லாமே வேட்டைதான். முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. மற்றவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் மட்டும் அது குற்றமாகாது.

அப்படியானால் பொங்கல் வேட்டை?

பழக்கம் சட்டத்தை விட வயதானது. மாட்டுப் பொங்கல் அன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பழைய சீவரத்துக்குப் 'பார்வேட்டை' கிளம்புவது வட தமிழகம் முழுக்கத் தெரிந்த உற்சவம். அங்கே எந்த உயிருக்கும் ஆபத்து இல்லை, வேட்டை அடையாளமாக மட்டும் நிற்கிறது.

ஆனால் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பொங்கல், மாசி, பங்குனித் திருவிழாக்களை ஒட்டி முயல் வேட்டைக்குப் போகும் வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. ஒவ்வொரு ஆண்டும் வனத்துறை எச்சரிக்கை விடுவதும், வலையோடும் நாயோடும் பிடிபட்டவர்களுக்கு அபராதம் போடுவதும் செய்தியாகின்றன. இது கும்பலாக, சத்தத்தோடு, பகலில் நடப்பது. ஒதுங்கிப் போகலாம்.

பயப்பட வேண்டியது சத்தமில்லாமல், தேதி இல்லாமல், ராத்திரியில் நடக்கும் வேட்டைக்கு. சட்டம் தடுத்ததால் வேட்டை குறைந்தது உண்மை. மிச்சம் இருப்பது இருட்டுக்குள் போய்விட்டது. அது எங்கே நடக்கிறது, எப்போது நடக்கிறது என்று அடுத்த கொல்லைக்காரருக்கே தெரியாது.

ஆபத்து 1: நாட்டுத் துப்பாக்கி

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் படர்ந்து கிடக்கிறது. இங்கே லைசென்ஸ் இல்லாத ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபடுவதும், போலீஸும் வனத்துறையும் ஊர் ஊராகப் போய்ப் பேசி, தாங்களாகவே ஒப்படைக்கச் சொல்வதும் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. குறிப்பிட்ட தேதிக்குள் கொண்டுவந்து கொடுத்தால் வழக்கு இல்லை என்று அறிவித்து வாங்குவதும் உண்டு.

இந்தத் துப்பாக்கியின் குழாயில் கருமருந்தையும் பால்ரஸ் உருண்டைகளையும் கெட்டித்துத்தான் சுடுகிறார்கள். குறி துல்லியமாக இருக்காது. உருண்டைகள் சிதறிப் பாயும். ராத்திரியில் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு, புதரில் மினுக்கும் கண்ணையோ அசைவையோ பார்த்துச் சுடுகிறார்கள். அந்த அசைவு பன்றியா, மாட்டைத் தேடி வந்த ஆளா என்று உறுதிசெய்ய நேரம் இருக்காது. கூட வேட்டைக்கு வந்தவரையே விலங்கு என்று நினைத்துச் சுட்டுவிட்ட செய்திகள் தமிழ்நாட்டின் மலை மாவட்டங்களில் இருந்து அவ்வப்போது வருகின்றன.

அடிபட்டவர் உடனே ஆஸ்பத்திரிக்கு வருவதும் இல்லை. குண்டுக் காயம் என்றால் போலீஸுக்குத் தகவல் போகும், வேட்டை வழக்கு, ஆயுத வழக்கு இரண்டும் சேர்ந்து வரும் என்ற பயம். 'விழுந்துட்டேன், கம்பி குத்திடுச்சு' என்ற பொய்யோடு நேரம் போகிறது. பிழைத்திருக்க வேண்டியவர் இந்தத் தாமதத்திலேயே இறந்துபோக வாய்ப்பு இருக்கிறது.

ஆபத்து 2: அவுட்டுக்காய்

காட்டுப்பன்றிக்காக வைக்கும் நாட்டு வெடி இது. மேலே தீனியைப் பூசி உருண்டையாக வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பன்றி கடித்தால் வெடிக்கும். கடிப்பது பன்றிதானா என்று வெடிக்குத் தெரியாது. மேய்ச்சலுக்குப் போன பசுவின் வாய் சிதறிய சம்பவங்கள் வட மாவட்டங்களில் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. நாய்களும் சாகின்றன. பெரிய விலங்கு உடனே சாவதில்லை. தாடை உடைந்து, தின்ன முடியாமல், தண்ணீர் குடிக்க முடியாமல் நாள் கணக்கில் துடிக்கும். 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் வெள்ளியாற்றில் இறங்கி நின்றபடியே ஒரு கருவுற்ற யானை செத்தது இப்படிப்பட்ட வெடியால்தான்.

மனிதர்களும் தப்பவில்லை. 2020 ஜூனில் திருச்சி மாவட்டம் தொட்டியம் அருகே அழகரையில், மீன் பிடிக்க வைத்திருந்த வெடியைத் தின்பண்டம் என்று நினைத்துக் கடித்த 6 வயதுச் சிறுவன் இறந்தான். காட்டு ஓரத்தில் விளையாடும் குழந்தைகளுக்கும், சுள்ளி பொறுக்கும் பெண்களுக்கும், ஆடு மேய்க்கும் முதியவர்களுக்கும் இதே ஆபத்து காத்திருக்கிறது.

ஆபத்து 3: கரண்டு வேலி

மூன்றிலும் அதிகம் ஏமாற்றுவது இதுதான். காட்டுக்குள் கால் வைக்காதவரையும் இது கொல்லும்.

சட்டப்படி அமைத்த சோலார் மின்வேலியில் மின்சாரம் தொடர்ந்து ஓடாது. ஏறக்குறைய விநாடிக்கு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பும் விநாடியில் மிகச் சிறு பங்கு நேரம்தான். தொட்டால் உதறித் தள்ளும், விலங்கு பயந்து ஓடும், சாகாது. திருட்டுத்தனமாகப் போடும் வேலியில் வீட்டுக்கோ மோட்டாருக்கோ வரும் 230 வோல்ட் மின்சாரத்தை அப்படியே வெறும் கம்பியில் விட்டுவிடுகிறார்கள். சிலர் மேலே போகும் லைனில் கொக்கி போடுகிறார்கள். இங்கே மின்சாரம் நிற்காமல் ஓடும். தொட்டவரின் தசை இறுகி, கம்பியை விட முடியாமல் போகும். காப்பாற்ற ஓடி வந்து தொடுகிறவரும் சேர்ந்து விழுவார்.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே ஒரே வேலியில் 3 யானைகள் செத்தன. கூட வந்த 2 குட்டிகள் மட்டும் தப்பின. யானை செத்தால் நாடு முழுக்கச் செய்தி. ராத்திரி மோட்டார் போடப் போனவர், பக்கத்துக் கொல்லைக்கு வரப்பில் நடந்தவர், வேலி போட்டதை மறந்துபோன நிலத்துக்காரர் செத்தால் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி.

தர்மபுரிச் சம்பவம் நடந்த அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்கு எனத் தனி விதிகள் கொண்டுவந்தது. வேலி போடுகிறவர் பதிவு செய்ய வேண்டும், தரம் சரியாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

பிறகு ஏன் சிறுத்தைக்கு மட்டும் பயப்படுகிறோம்?

இது அறியாமை இல்லை. மனித மனம் ஆபத்தை எடைபோடும் விதமே அப்படி. அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இதை விளக்குகிறது. ஒரு ஆபத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கை வைத்து மக்கள் பயப்படுவதில்லை. அது எவ்வளவு திகிலானது, நம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, பழகியதா பழகாததா என்பதை வைத்தே பயப்படுகிறார்கள்.

சிறுத்தை திகில். அதன் வாலை யாரும் பிடிக்க முடியாது. சிசிடிவியில் பதிவான அரை நிமிட வீடியோ ஒரே மணி நேரத்தில் ஊரின் எல்லா வாட்ஸ்அப் குரூப்புக்கும் போய்விடும். கம்பியும் கரண்டும் தினமும் பார்ப்பவை. அதைப் போட்டவர் நம் பங்காளி, நம் ஊர்க்காரர். தெரிந்தவர் வைத்த ஆபத்து, ஆபத்தாகக் கண்ணில் படுவதில்லை.

அதோடு, சிறுத்தையைப் பார்த்தால் சொல்லலாம். அவுட்டுக்காயைப் பார்த்தால், "நமக்கு எதுக்கு வம்பு? சொன்னா நம்மளைத்தான் கேப்பாங்க" என்று ஒதுங்குகிறவர்கள்தான் அதிகம். பேசப்படாத ஆபத்து, இல்லாத ஆபத்தாகிவிடுகிறது.

வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் பயம் இல்லையா?

இருக்கிறது. ஆனால் அங்கே பயத்துக்கு ஒரு தேதியும் ஒரு நிறமும் இருக்கின்றன. அமெரிக்காவின் பல மாநிலங்களில் துப்பாக்கி வேட்டைக் காலத்தில் வேட்டைக்காரர்கள் பளிச்சென்ற ஆரஞ்சு நிற உடை அணிய வேண்டும். மானின் கண்ணுக்கு அந்த ஆரஞ்சு தனியாகத் தெரியாது, மனிதக் கண்ணுக்கு நூறு அடி தள்ளியும் தெரியும் என்பதுதான் காரணம். காட்டில் நடக்கப் போகிறவர்களும் அந்த மாதங்களில் அதே நிறத்தில் ஒரு பனியனை மாட்டிக்கொள்கிறார்கள், நாய்க்கும் ஒன்று போட்டு விடுகிறார்கள்.

அங்கேயும் விபத்து நடக்கிறது. 2020 டிசம்பரில் பிரான்சின் தென்மேற்கில், தன் வீட்டுக்குப் பக்கத்தில் விறகு வெட்டிக்கொண்டிருந்த 25 வயது இளைஞரைக் காட்டுப்பன்றி என்று நினைத்து ஒரு வேட்டைக்காரர் சுட்டார். அந்த இளைஞரின் தோழிகள் கிளப்பிய எதிர்ப்பு நாடாளுமன்ற மேலவை விசாரணை வரை போனது. ஞாயிறுகளில் வேட்டையைத் தடை செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை 2023 ஜனவரியில் அரசு ஏற்கவில்லை. ஆனால் குடித்துவிட்டு வேட்டைக்குப் போகத் தடை, வேட்டை நடக்கும் இடத்தைப் பொதுமக்களுக்குச் சொல்லும் செயலி என்று சில மாற்றங்களை அறிவித்தது.

அந்தச் சாவு மறைக்கப்படவில்லை, அதனால்தான் விவாதமானது. மலையடிவாரத்தில் நடப்பது சட்டவிரோதம் என்பதால், அடிபட்டவர் தரப்பும் அடித்தவர் தரப்பும் சேர்ந்தே வாயை மூடிக்கொள்கின்றன. நமக்கு ஆரஞ்சு உடை சரிப்படாது. திருட்டு வேட்டைக்காரர் எந்த விதியையும் பார்த்து நடப்பவர் இல்லை.

விவசாயி என்னதான் செய்வார்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கரண்டு வேலியை மட்டும் திட்டிப் பயனில்லை. மல்லாட்டை காய் பிடிக்கும் நேரத்தில் ஒரு பன்றிக் கூட்டம் இறங்கினால், ஒரே ராத்திரியில் கொல்லையை உழுதுபோட்டு விடும். பன்றி நாலு மாதத்துக்கும் குறைவான சினையில் ஒரு ஈட்டுக்குப் பல குட்டி போடும். கடன் வாங்கி விதைத்தவர் விடியக்காலையில் அதைப் பார்த்து நிற்கும் நிலையை டவுனில் இருப்பவர்கள் எளிதில் புரிந்துகொள்ள முடியாது.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றிப் பிரச்சினைக்கு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டில் இருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம்.

இதைத்தான் ஊரில் பலர் "பன்னியைச் சுடலாம்னு அரசாங்கமே சொல்லிடுச்சு" என்று சுருக்கிப் புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. சுடும் அதிகாரம் வனத்துறைக்குத்தான், நிலத்துக்காரருக்கு இல்லை. கேரளம் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் கொடுத்தது. அந்த முறை இங்கே இல்லை.

மலையடிவார நிலத்துக்கு இந்த முடிவால் பெரிய நன்மையும் இல்லை. சந்தவாசல், கண்ணமங்கலம் பக்கம் காட்டை ஒட்டியே கொல்லை வைத்திருப்பவர் பெரும்பாலும் அந்த 1 கி.மீ.க்குள்தான் வருவார். அவருக்கு மிச்சம் இருப்பது பதிவு செய்த சோலார் வேலி, காவல், பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் நிவாரண மனு. மனுவுக்குப் பணம் வர ஆகும் காலமும், சோலார் வேலிக்கு ஆகும் செலவும்தான் திருட்டுக் கம்பியை மலிவாகக் காட்டுகின்றன. மானியமும் நிவாரணமும் சீக்கிரம் கைக்கு வந்தால் அந்தக் கம்பிகளில் பாதி தானாகவே கழன்றுவிடும்.

கறி யாருக்குப் போகிறது?

பயிரைக் காக்க வைத்த பொறி ஒரு பக்கம். விற்பதற்காகவே நடக்கும் வேட்டை இன்னொரு பக்கம். "மலைக்கறி வந்திருக்கு" என்ற ரகசியப் போனுக்குக் காத்திருப்பவர் மலையில் இல்லை, சமவெளியில் காசு வைத்திருப்பவர். பிடிபடுவது மட்டும் பெரும்பாலும் மலை ஊர்க்காரர். காட்டு விலங்கின் கறியை வாங்குவதும் வைத்திருப்பதும்கூடக் குற்றம்தான். டவுனில் ஒரு கிலோ கறிக்குக் கொடுக்கும் விலைதான் அடிவாரத்தில் ஒரு அவுட்டுக்காயாக மாறிக் கிடக்கிறது. அதை மிதிக்கப்போவது வாங்கியவரின் பிள்ளையாக இருக்காது.

காட்டு ஓரம் போகிறவர்கள் கவனிக்க

* பகலில் போங்கள், பொழுது சாய்வதற்குள் திரும்புங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். கோயில் பாதை, சுற்றுலாப் பாதையை விட்டு விலகாதீர்கள்.
* இருட்டில் போக நேர்ந்தால் டார்ச் அடித்து, பேசிக்கொண்டே போங்கள். பாம்புக்கும் நல்லது, ஒளிந்திருப்பவருக்கும் ஆள் வருவது தெரியும்.
* தரையில் கிடக்கும் உருண்டை, துணிப் பொட்டலம், கறித்துண்டு, பழம் எதையும் தொடாதீர்கள், காலால் தள்ளாதீர்கள். குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இடத்தை நினைவில் வைத்து வனத்துறைக்கோ போலீஸுக்கோ (100) சொல்லுங்கள்.
* வரப்பில் முழங்கால் உயரத்தில் வெறும் கம்பி ஓடினால் கரண்டு இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-ல் புகார் செய்யலாம்.
* யாராவது கம்பியில் சிக்கியிருந்தால் வெறுங்கையால் இழுக்காதீர்கள். முதலில் மின் இணைப்பைத் துண்டியுங்கள், பிறகு 108.
* குண்டுக் காயமோ வெடிக் காயமோ பட்டவரை மறைத்து வைக்காதீர்கள். வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், உயிர் திரும்பி வராது.

அடுத்த ஆடி வெள்ளிக்குப் படவேடு கிளம்பும்போதும் வீட்டில் பெரியவர்கள் சிறுத்தையைப் பற்றிச் சொல்லத்தான் செய்வார்கள். அது தப்பில்லை. அதோடு சேர்த்து, "கீழ கிடக்கிற எதையும் தொடாதே, கம்பி ஓரம் போகாதே" என்ற இரண்டு வார்த்தையையும் சொல்லி அனுப்பினால், சிறுத்தையை விட அருகில் இருக்கும் ஆபத்துக்கும் எச்சரிக்கை சொன்னதாக ஆகும்.